கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட்

கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட் (டிசம்பர் 13, 1867 – ஜூன் 15, 1917) நோர்வே நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் துருவ ஒளிக்குச் சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களே காரணம் என்னும் கருத்தை 1896 இல் முன்வைத்தார்.

வாழ்க்கை

இன்று ஒஸ்லோ என வழங்கும் கிறிஸ்டியானியாவில் பிறந்த இவர், 1898 இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1899 இல் வட நோர்வேயின் ஹால்டே மலையுச்சியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஆய்வு நிலையம் அமைத்துக் குழுவினருடன் குளிர்காலத்தைக் கழித்தார். அப்பயணத்தில் இளைஞர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். ஆயினும் 1902–1903 இல் வட நோர்வே, ஐசுலாந்து, ஸ்பிட்ஸ்பேர்கன், நோவாயா செம்லியா ஆகிய நான்கு இடங்களில் ஒரே காலத்தில் புவிக்காந்த அளவீடுகள் எடுக்கப்பட்டன. துருவ ஒளி தோன்றும்போது காந்த ஊசிகள் விலகுவதை ஒப்பிட்டு, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னோட்டம் பாய்கிறது என்றும், அது காந்தப்புலக் கோடுகளின் வழியே விண்வெளியிலிருந்து வந்து மீள்கிறது என்றும் பிர்க்கலாண்ட் முடிவு செய்தார்.

டெரெல்லா சோதனை

வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிக்குள், மின்காந்தம் பொருத்திய சிறு உருண்டையைப் பூமியாகக் கொண்டு, அதன்மீது எதிர்மின்வாய்க் கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. துருவ ஒளி முனையில் அன்றி, அதைச் சூழ்ந்த வளையத்தில் மிகுதியாகக் காணப்படுவதை இது விளக்கியது.

ஆய்வுகளுக்குப் பணம் திரட்ட இவர் உருவாக்கிய மின்காந்தப் பீரங்கி, 1903 இல் பலர் முன்னிலையில் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தோல்வியடைந்தது. ஆனால் மின்வில்லைக் கொண்டு காற்றிலுள்ள நைதரசனிலிருந்து உரம் தயாரிக்கும் முறையைச் சாம் ஐடே என்பவருடன் இணைந்து உருவாக்கினார். 1905 இல் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இம்முறையைப் பயன்படுத்தியது. பீரங்கியை விட இதுவே பயனுடையதாயிற்று.

எதிர்ப்பும் உறுதிப்பாடும்

இம்மின்னோட்டங்கள் வளிமண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன என்று பிரித்தானியாவின் சிட்னி சாப்மன் வாதிட்டார். நிலத்தில் எடுத்த அளவீடுகளால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது என்பதால் விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1966 இல் வெளியான செய்மதி அளவீடுகள் பிர்க்கலாண்டின் பக்கமே நின்றன. அவை இன்று பிர்க்கலாண்ட் மின்னோட்டங்கள் எனப்படுகின்றன.

இவருடைய கருத்து முழுவதும் சரியன்று. இலத்திரன் கற்றைகள் சூரியனிலிருந்து நேரே வந்து விழுகின்றன என்று முதலில் எண்ணினார். உண்மையில் சூரியக் காற்றில் நேர், எதிர் ஆகிய இருவகைத் துகள்களும் உள்ளன. இதனைப் பிற்காலத்தில் இவரே கருதியிருந்தார். சூரியக் காற்றின் ஆற்றல் பூமியின் காந்தக் கோளத்தில், குறிப்பாக இரவுப் பக்கத்து நீண்ட வாலில், சேர்ந்து விடுபடும்போது இலத்திரன்கள் முடுக்கப்பட்டுக் கீழிறங்குகின்றன. அவை மோதும் ஒட்சிசன் அணுக்கள் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிர்கின்றன.

இறுதிக் காலம்

1913 இல் எகிப்து சென்று, அந்திக்குப் பின் அடிவானில் தெரியும் இராசிவட்ட ஒளியை ஆராய்ந்தார். தூக்கமின்மைக்காக வெரோனால் மருந்துக்கு அடிமையாகியிருந்தார். முதல் உலகப்போர் காரணமாக ஆசியா வழியாக நாடு திரும்ப முயன்று, டோக்கியோவில் தங்குவிடுதி அறையில், அம்மருந்தை அளவுக்கு மிக அதிகமாக உட்கொண்ட நிலையில் இறந்து காணப்பட்டார். 1994 இல் வெளியான நோர்வேயின் 200 குரோனர் பணத்தாளில் இவரது உருவம் இடம்பெற்றது.