யூரியா மூட்டைக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானி: யார் இந்த ஃபிரிட்ஸ் ஹேபர்?

விளாத்திகுளம் பக்கம் ஐப்பசி மழை இறங்கிட்டா போதும், கரிசல் காட்டு மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட யூரியா தேடி அலைவார்கள். அதே மாவட்டத்தில், தூத்துக்குடியில் உள்ள ஸ்பிக் ஆலை யூரியா தயாரிக்கிறது. யூரியா செய்ய அம்மோனியா வேண்டும். அதை ஆலையில் தயாரிக்க வழி கண்டவர்தான் ஃபிரிட்ஸ் ஹேபர்.

என்ன சிக்கல்?

1868-ல் பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்து) யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹேபர். அப்பா சாய வியாபாரி. அன்று நைட்ரஜன் உரத்துக்கு சிலி நாட்டு வெடியுப்பையே ஐரோப்பா பெரிதும் நம்பியிருந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. ஆனால் உருவான அம்மோனியா திரும்ப உடையவும் செய்யும். இரண்டு வேகமும் சமமானால், அதற்கு மேல் அளவு கூடாது. இதுதான் வேதிச் சமநிலை.

இந்த வினை வெப்பத்தை வெளியிடும். அதனால் சூடு குறைவாக இருந்தால்தான் சமநிலையில் அம்மோனியா அதிகம். ஆனா அப்போ வினை நகரவே நகராது. கோவில்பட்டி தீக்குச்சி உரசாதவரை பெட்டிக்குள் சும்மா கிடப்பது மாதிரி, நைட்ரஜனும் ஆற்றல் கொடுக்காமல் அசையாது. சூட்டை ஏற்றினால் வேகம் கூடும், அம்மோனியா குறையும்.

ஹேபர் என்ன செய்தார்?

நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்கும் வினை இது. எனவே அழுத்தத்தைச் சுமார் 200 மடங்கு ஏற்றி, சமநிலையை அம்மோனியா பக்கம் தள்ளினார். வேகத்துக்கு ஆஸ்மியம் வினையூக்கியைச் சேர்த்தார். வினையூக்கி சமநிலையை மாற்றாது, சீக்கிரம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்து, மிச்ச வாயுவை மறுபடி உள்ளே அனுப்பினார்.

1909-ல் கார்ல்ஸ்ரூவே ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டினார். கார்ல் பாஷ் இதை ஆலை அளவுக்கு வளர்க்க, 1913-ல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அங்கே வினையூக்கி, விலை குறைந்த இரும்பு.

மறுபக்கம்

முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காக விஷவாயுப் பணிக்குத் தலைமை ஏற்றார் ஹேபர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் குளோரின் திறந்துவிடப்பட்டது. சில நாட்களில், வேதியியலாளரான அவரது மனைவி கிளாரா தற்கொலை செய்துகொண்டார். அம்மோனியாவிலிருந்து வெடிமருந்தும் தயாரானது.

ஆனாலும் அம்மோனியா கண்டுபிடிப்புக்காக 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது. எதிர்ப்பும் கிளம்பியது.

1933-ல் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்க உத்தரவிட்டது. ஹேபர் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார்.

இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு, இந்த முறையில் கிடைக்கும் நைட்ரஜன் உரத்தை நம்பியிருப்பதாகக் கணிக்கப்படுகிறது.