எல்லைக்கோடும் உண்ணியும்

நுழையும்முன்

மனிதரும் கால்நடைகளும் இடம்பெயரும்போது நோய்க்கிருமிகளும் உடன் பெயர்கின்றன. ஒரு நிலத்தில் அடங்கிக் கிடக்கும் கிருமி மற்றொரு நிலத்தில் உயிர்க்கொல்லியாவது ஏன்? இவ்வினாவை மாட்டு மந்தைகளிடையே நின்று ஆராய்ந்த அறிஞர் ஒருவரின் வாழ்க்கை இது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸ் மாநிலத்தில் மாடுகள் பெருகியிருந்தன. வடபகுதி நகரங்களிலோ இறைச்சிக்கு விலை ஏறியிருந்தது. மந்தைகள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு வடக்கு நோக்கி ஓட்டிச் செல்லப்பட்டன. அவ்வாறு வந்த தென்பகுதி மாடுகள் நலமாகவே இருந்தன. ஆனால், அவை கடந்துசென்ற புல்வெளியில் மேய்ந்த வடபகுதி மாடுகள் சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிவந்த சிறுநீர் கழித்து மடிந்தன. 1868-இல் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் பேரிழப்பு நேர்ந்தது. உழவர்கள் துப்பாக்கியோடு வழிமறித்து மந்தைகளைத் திருப்பியனுப்பிய இடங்களும் உண்டு. தென்பகுதி மாடுகள் கோடைக்காலத்தில் கடக்கக்கூடாத எல்லைக்கோடு ஒன்றைப் பின்னர் அரசு வகுத்தது. நோயுற்ற மாட்டிடமிருந்து நோய் பரவவில்லை. நலமாயிருந்த மாட்டிடமிருந்தே பரவியது. இப்புதிர் எவருக்கும் விளங்கவில்லை.

புதிரை விடுவித்த தியோபால்ட் ஸ்மித், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை தையல் தொழில் செய்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது வழிபாட்டுக் கூடத்தில் ஆர்கன் இசைத்துப் பொருளீட்டினார். 1883-இல் மருத்துவப் பட்டம் பெற்றும் மருத்துவராகத் தொழில் நடத்த அவர் மனம் விரும்பவில்லை. வாஷிங்டனில் கால்நடைத் துறை ஆய்வகத்தில் சேர்ந்தார். நுண்ணுயிரியல் அப்போதுதான் ஐரோப்பாவில் வளர்ந்துவந்தது. கற்பிக்க ஆசிரியர் இல்லாத நிலையில், வீட்டில் பேசிய ஜெர்மன் மொழி அவருக்குக் கைகொடுத்தது. கோக் முதலியோரின் கட்டுரைகளை மூலமொழியிலேயே படித்துத் தாமே கற்றுக்கொண்டார். பன்றிகளிடமிருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரி, பிற்காலத்தில் துறைத்தலைவர் டேனியல் சால்மனின் பெயரால் சால்மோனெல்லா எனப்பட்டது. உழைத்தவர் பெயர் பின்னுக்குச் செல்வது அறிவியல் வரலாற்றில் அரிதன்று.

1889-இல் டெக்சாஸ் காய்ச்சல் ஆய்வு அவரிடம் வந்தது. இறந்த மாடுகளின் சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இணை இணையாக அமைந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அது உடலுக்குள் புகுந்த வழி எது? உண்ணியின்மேல் மாடு வளர்ப்போர் சிலருக்கு ஐயம் இருந்தது. கற்றறிந்தோர் பலர் அதை எள்ளினர். ஸ்மித் எள்ளவில்லை. கில்போர்ன் என்னும் கால்நடை மருத்துவருடன் சேர்ந்து வேலியிட்ட வயல்களில் சோதனை செய்தார். ஒரு வயலில் உண்ணியுள்ள தென்பகுதி மாடுகளோடு வடபகுதி மாடுகளை விட்டார், பின்னவை நோயுற்றன. மற்றொன்றில் தென்பகுதி மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளை ஒன்றுவிடாமல் கையால் பொறுக்கிய பின் அவ்வாறே விட்டார், நோய் தோன்றவில்லை. வேறொரு வயலில் தென்பகுதி மாடே இல்லை. புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினார். அங்கும் நோய் கண்டது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. இவ்வுண்ணி தன் வாழ்நாளை ஒரே மாட்டின் உடலில் கழிப்பது. முதிர்ந்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துவிடும். அவ்வாறாயின் ஒரு மாட்டின் கிருமி இன்னொரு மாட்டை எவ்வாறு அடையும்? முட்டைகளை ஆய்வகத்தில் பொரிக்கச் செய்து, எந்த மாட்டையும் தீண்டாத அக்குஞ்சுகளை நலமான மாட்டின்மேல் விட்டார் ஸ்மித். அம்மாடும் நோயுற்றது! கிருமி தாயிடமிருந்து முட்டை வழியே சேய்க்குச் சென்றிருந்தது. மந்தை கடந்து சில வாரங்கள் கழித்தே நோய் தோன்றியதன் காரணமும், உறைபனி விழுந்ததும் அது நின்றதன் காரணமும் இப்போது விளங்கின. இவ்வாய்வு 1893-இல் வெளிவந்தது. கொசுவினுள் மலேரியா ஒட்டுண்ணியைச் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் காண்பதற்கு அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

தென்பகுதிக் கன்றுகள் இளமையிலேயே உண்ணிக்கடிக்கு ஆளாகி, நோயை எளிதாகக் கடந்து தடுப்பாற்றல் பெற்றுவிடுகின்றன. கிருமியோ அவற்றின் குருதியில் சிறிதளவு தங்கியிருக்கிறது. அங்கே மாடு, உண்ணி, கிருமி மூன்றும் நெடுங்காலமாக ஓர் உடன்பாட்டில் வாழ்ந்தன. மந்தை எல்லைக்கோட்டைத் தாண்டியபோது உடன்பாடு குலைந்தது. இதிலிருந்தும் பிற ஆய்வுகளிலிருந்தும் ஸ்மித் ஒரு பொதுக் கருத்தை அடைந்தார். ஓம்புயிரியைக் கொல்லும் கிருமி தன் உறைவிடத்தையே அழித்துக்கொள்கிறது. ஆதலால் காலப்போக்கில் இரண்டும் சமநிலையை நாடும் என்றார். கிருமியை மாறாத பகையாகவே பலரும் கண்ட காலத்தில் அதனைப் பரிணாமத்திற்கு உட்பட்ட உயிராகக் கண்டது அவரது தனிச்சிறப்பு.

பின்வந்தோர் இதனை, எல்லாக் கிருமிகளும் இறுதியில் சாதுவாகிவிடும் என்று விதியாக்கிக்கொண்டனர். அது மிகை. ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க 1950-இல் பரப்பப்பட்ட மிக்சோமா வைரஸ், தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் அதன் வீரியம் தணிந்தது. எனினும் முற்றும் அடங்கவில்லை. விரைந்து கொன்ற வகைக்குக் கொசுவைச் சேரப் போதிய நாள் இல்லை. மிக மென்மையான வகையோ கொசுவில் போதிய அளவு ஒட்டவில்லை. இடைநின்ற வகையே பரவியது. பரவும் தொலைவுக்கும் இதில் பங்குண்டு. பாக்டீரியாவையும் அதனைத் தாக்கும் வைரஸையும் சிறுகுழிகளில் வளர்த்து 2006-இல் ஒரு சோதனை செய்தனர். பக்கத்துக் குழிக்கு மட்டும் செல்ல முடிந்தபோது அடக்கமான வைரஸ் நிலைபெற்றது. எந்தக் குழிக்கும் செல்ல முடிந்தபோது பேராசை கொண்ட வகை மேலோங்கியது. அண்டைவீட்டை மட்டுமே நம்பியிருப்பது அதனைச் சூறையாடினால் வாழ இயலாது. தொலைவழி திறந்திருப்பதற்கு அக்கவலை இல்லை.

ஸ்மித் 1895-இல் மாசசூசெட்ஸ் சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். மாட்டின் காசநோய்க் கிருமியும் மனிதரின் காசநோய்க் கிருமியும் வெவ்வேறானவை என 1898-இல் காட்டினார். பின்னர்ப் பிரின்ஸ்டனில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் விலங்கு நோய்த்துறையை வழிநடத்தினார். ஒட்டுண்ணி வாழ்வு பற்றிய அவரது நூல் வெளிவந்த 1934-ஆம் ஆண்டின் திசம்பரில் மறைந்தார்.

அவர் காட்டிய வழியில் 1906-இல் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மாடுகளை மருந்து கலந்த தொட்டியில் முக்கி எடுத்து, 1943-க்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ முற்றிலும் உண்ணியை ஒழித்தனர். மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்ட் ஆற்றங்கரை ஒன்றே விதிவிலக்கு. வழிதவறி ஆற்றைக் கடந்துவரும் மாடுகளைப் பிடித்து உண்ணி பார்ப்பதற்காகக் குதிரையேறிய காவலர்கள் அங்கே இன்றும் சுற்றிவருகின்றனர்.