நாட்குறிப்பு தந்த ஆனந்தரங்கப் பிள்ளை

கர்நாடகப் போர்களைப் படிக்கும் மாணவியராகிய நாம் தளபதிகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறோம். அப்போர்களின் காலத்தில் வாழ்ந்து, கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்த ஒருவரை மறந்துவிடுகிறோம். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

இவர் 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மைந்தராகப் பிறந்தார். தந்தையோடு புதுச்சேரி சென்று வணிகத்தில் தேர்ச்சி பெற்றார். 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747-இல் ஆளுநர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியானார். கப்பல் வரவு, சரக்கு விலை, அரசியல் ஆலோசனை, ஊர்ப் பேச்சு எல்லாம் அவருடைய ஏட்டில் இடம்பெற்றன.

ஆஸ்திரிய அரியணை யாருக்கு என்று 1740-இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. அதில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிரே நின்றனர். அந்த நெருப்பு கடல் கடந்து இங்கும் வந்தது. வணிகப் போட்டி என்னும் விறகு இங்கே முன்பே காய்ந்து கிடந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அதை மீட்க வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படை, அடையாற்றங்கரையில் பயிற்சி பெற்ற சிறுபடையிடம் தோற்றது. அதுமுதல் வெள்ளையர் வணிகத்தோடு நிற்கவில்லை. நவாபு யார் என்பதையும் தாமே முடிவு செய்யத் துணிந்தனர். நம் திருத்தணிக்குத் தென்மேற்கே உள்ள ஆம்பூர் 1749-இலும், ஆற்காடு 1751-இலும் போர்க்களங்களாயின. அந்நியர் பகைக்கு நம் வயல்கள் பலியாயின.

1754-இல் துய்ப்ளெக்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையவர்களும் பதவி இழந்தார். அதே ஆண்டு ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது. பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். நகரம் பசியால் வாடியது. பிள்ளையவர்கள் 1761 ஜனவரி 12-இல் கண்மூடினார். நான்கே நாட்களில் நகரம் சரணடைந்தது. கோட்டையும் தரைமட்டமாயிற்று.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. இழந்த செல்வாக்கு கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் துணையால் பட்டம் பெற்ற நவாபு முகம்மது அலி கடனில் மூழ்கினார். 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

பிள்ளையவர்கள் பிரெஞ்சுக்காரரிடம் பணிபுரிந்து செல்வம் சேர்த்தவரே. ஆயினும் அச்செல்வமும் பதவியும் நிலைக்கவில்லை. எழுதிய ஏடுகளே நிலைத்தன. 1846-இல் அவை கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அறிஞர்கள் அவற்றை நாடுகிறார்கள். மன்னர்களும் தளபதிகளும் மட்டுமே வரலாறு படைப்பவர் அல்லர். உள்ளதை நாள்தோறும் எழுதிவைப்பவரும் வரலாறு படைக்கிறார். நாமும் நாள்தோறும் நான்கு வரியேனும் எழுதிப் பழகுவோமாக!