காலண்டர் சரஸ்வதியும் 38 கோடி யசோதாவும்: ரவிவர்மா ஓவியங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின?

போச்சம்பள்ளி வாரச்சந்தைப் பக்கம் எந்தப் பழைய மளிகைக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு லட்சுமி படம் இருக்கும். தாமரை மேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் யானை. ஊதுபத்திப் புகையில் பாதி மங்கிப்போயிருக்கும். (சேலைக்குப் பேர்போன தெலங்கானா போச்சம்பள்ளி இல்லை, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து போச்சம்பள்ளியைத்தான் சொல்கிறோம்.) அந்த லட்சுமி உருவத்தின் மூலத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் போய் நிற்போம். ராஜா ரவிவர்மா.

அதே மனிதர் கையால் தீட்டிய 'யசோதா கிருஷ்ணா' எண்ணெய் ஓவியம் 2023-ல் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. கடையில் இருக்கும் படத்துக்குச் சட்டம் போட்ட செலவுதான் அதிகம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? ஓவியங்கள் எப்படிக் கைமாறின? அந்த ஓவியரின் கதை என்ன? பார்க்கலாம்.

யார் இந்த ரவிவர்மா?

1848 ஏப்ரல் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூரில் பிறந்தவர். பேருக்கு முன்னால் 'ராஜா' இருப்பதால் மன்னர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த நாட்டையும் அவர் ஆண்டதில்லை. அரச குடும்பத்தோடு மண உறவு உள்ள ஒரு பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, அவ்வளவுதான். 1904-ல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தபோது பேரோடு சேர்ந்து வந்த 'ராஜா', அப்படியே ஒட்டிக்கொண்டது.

சின்ன வயசிலேயே வீட்டுச் சுவரெல்லாம் கரியால் படம் போடுகிற பையன். ஓவியம் தெரிந்த மாமா ராஜ ராஜ வர்மா அதைப் பார்த்துவிட்டு, திட்டாமல் சொல்லிக்கொடுத்தார். 14 வயசு வாக்கில் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். மன்னர் ஆயில்யம் திருநாளுக்குப் பையனைப் பிடித்துப்போனது.

இங்கே ஒரு தமிழ்த் தொடர்பு வருகிறது. அரண்மனையில் எண்ணெய் வண்ணத்தில் கைதேர்ந்தவர் ராமசாமி நாயக்கர். அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ணம் என்பது நம்மூருக்குப் புதுசு. தெரிந்தவர்கள் அதைத் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர நாயக்கர் மறுத்துவிட்டார். ஆனால் அவருடைய சீடரான ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து, வண்ணத்தை எப்படிக் குழைப்பது, எப்படிப் பூசுவது என்று காட்டிக்கொடுத்திருக்கிறார். 1868-ல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் முறைப்படி பாடம் எடுக்கவில்லை. அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. ஆக, ரவிவர்மா கற்றதில் பாதி வேடிக்கை பார்த்துக் கற்றது. மீதியில் ஒரு பங்கு ஆறுமுகம் பிள்ளைக்குச் சேர வேண்டியது. இன்று அந்தப் பேரை யார் சொல்கிறார்கள்?

சென்னையில் கிடைத்த முதல் வெற்றி

ரவிவர்மாவின் பேர் வெளியே வந்தது சென்னையில்தான். 1873-ல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம். அதே ஓவியம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு வாங்கியது. அடுத்த வருஷம், இசைக்கருவி வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓவியத்துக்கு மறுபடியும் சென்னையில் தங்கம்.

அந்தத் தமிழ்ப் பெண் ஓவியம் எங்கே போனது தெரியுமா? 1875-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாக! பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர் இவர்.

1876-ல் 'சகுந்தலையின் மடல்'. காட்டில் படுத்தபடி தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. இதை வாங்கியவர் அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு. காளிதாசனின் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்ஸ், அந்தப் படத்தையே தன் புத்தகத்தின் முகப்புப் படமாக வைத்தார். ஒரு ஓவியம் ஆளுநர் கைக்குப் போனது, அதன் உருவம் புத்தகத்தில் ஏறி ஊரெல்லாம் போனது. ரவிவர்மாவின் மொத்தக் கதைக்கும் இது ஒரு முன்னோட்டம் மாதிரி. அசல் ஒரு வழியில் போகும், அதன் நகல் வேறு வழியில் போகும்.

அதே பிரபுவைத் திருவிதாங்கூர் மன்னரும் அவர் தம்பியும் வரவேற்கும் காட்சியையும் ரவிவர்மா தீட்டினார். அந்த ஓவியம் 2007-ல் ஏலத்துக்கு வந்து சுமார் 12.4 லட்சம் டாலருக்கு விற்றது.

ஓவியத்துக்கும் 'மூலப்பத்திரம்' உண்டா?

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்க்கிறோம் இல்லையா? யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் ஏதாவது அறுந்திருக்கிறதா, வில்லங்கம் உண்டா என்று. பெரிய ஓவியங்களுக்கும் அதே கதைதான். வரைந்தவர் கையிலிருந்து இன்றைய சொந்தக்காரர் வரை சங்கிலி அறுபடாமல் இருந்தால் விலை ஏறும். நடுவில் நாற்பது வருஷம் காணாமல் போயிருந்தால் சந்தேகம் வரும்: திருட்டா? போலியா?

ஐரோப்பாவில் இதற்கு நல்ல உதாரணம், மறுமலர்ச்சிக் கால ஓவியர் டிசியனின் 'டயானாவும் ஆக்டியோனும்'. ரோமானியப் புராணக் காட்சி. 1556-க்கும் 1559-க்கும் இடையில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காகத் தீட்டியது. 1704-ல் பிரெஞ்சுத் தூதருக்குப் பரிசாகப் போனது, அவரிடமிருந்து ஆர்லியன்ஸ் பிரபுவிடம் போனது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் விற்கப்பட்டு லண்டன் வந்து, பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் குடும்பச் சொத்தானது. கடைசியில் 2009-ல் லண்டன் தேசிய ஓவியக்கூடமும் ஸ்காட்லாந்து ஓவியக்கூடங்களும் சேர்ந்து 5 கோடி பவுண்டுக்கு வாங்கிப் பொதுச்சொத்து ஆக்கின. சுமார் 450 வருஷத்துக்கு ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் இருக்கிறது.

ரவிவர்மா விஷயத்தில் இந்தத் தேடல் அவ்வளவு சுலபம் இல்லை. ஒரே காட்சியை வெவ்வேறு ஆட்களுக்காகத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். தம்பி சி. ராஜ ராஜ வர்மாவும் (மாமாவின் அதே பேர்தான்) கூடவே வேலை செய்தவர். பின்னணி நிலக்காட்சிகளில் அவர் கை நிறைய உண்டு. நல்லவேளையாக அந்தத் தம்பி நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அது இப்போது புத்தகமாகவே கிடைக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தக் குறிப்பும், கண்காட்சிப் பட்டியல்களும், அரண்மனைக் கணக்குகளும், கித்தானின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகளும்தான் துப்பு.

பரோடாவும் 14 புராண ஓவியங்களும்

கும்பகோணத்துக்காரரான சர் டி. மாதவ ராவ் திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு பரோடாவுக்குத் திவானாகப் போனார். அந்த வழியில் ரவிவர்மாவுக்கும் பரோடா கதவு திறந்தது. மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1888-ல் ராமாயண, மகாபாரதக் காட்சிகளில் 14 ஓவியங்கள் கேட்டார்.

அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். எதுக்கு? சீதைக்கும் திரௌபதிக்கும் என்ன உடுத்துவது என்று தெரிய வேண்டுமே! ஊருக்கு ஒரு உடை. எல்லாருக்கும் பொதுவான புராண உடை என்று ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் பெரும்பாலும் சேலை கட்டவைத்தார். இன்று நாம் கும்பிடும் பல அம்மன் படங்களில் சேலை இருப்பதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

14 ஓவியங்களும் பரோடா போகும் முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிறகு பம்பாயிலும் கூட்டம் கூடியது. அரண்மனைக்குள் போக வேண்டிய ஓவியங்களை வாசலில் நின்று ஜனங்கள் பார்த்த அந்த நாட்கள்தான் அடுத்த முடிவுக்கு அவரைத் தள்ளின. ஓவியங்களை அச்சடித்து விற்கலாம் என்று மாதவ ராவ் முன்னமே யோசனை சொல்லியிருந்தார்.

சொந்தப் படம் கைவிட்டுப் போன கதை

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் அனுப்பி விருது வாங்கினார். விவேகானந்தர் பேசிய மாநாடு நடந்ததும் அதே கண்காட்சியை ஒட்டித்தான். அடுத்த வருஷம், 1894-ல், பம்பாய் கிர்காமில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை. முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு. பின்னாலேயே லட்சுமி, சரஸ்வதி எல்லாம் வந்தன.

படங்கள் நன்றாக ஓடின. ஆனால் தொழில் ஓடவில்லை. கடன் ஏறியது. 1896-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக் எல்லாவற்றையும் முடக்கியது. 1899-ல் லோனாவாலா பக்கம் மலவ்லிக்கு அச்சகத்தை மாற்றிப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில், தன்னிடம் வேலைக்கு வந்த ஜெர்மானியத் தொழில்நுட்பக்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார். கூடவே எண்பதுக்கும் மேற்பட்ட படங்களின் அச்சு உரிமையும் போனது.

யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகப்போகிற லட்சுமி. அதை வரைந்தவருக்கு அதில் உரிமை இல்லை. அதன்பிறகு அந்த உருவங்கள் தீப்பெட்டியில், துணிக்கட்டு லேபிளில், காலண்டரில் என்று போய்க்கொண்டே இருந்தன. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களும் சிவகாசி அச்சகங்களும் அந்தப் பாணியைத் தங்கள் கைவண்ணத்தில் வளர்த்தார்கள். மலவ்லி அச்சகம் 1972-ல் தீயில் அழிந்தது.

வியாபாரமாகப் பார்த்தால் தோல்விதான். ஆனால் அன்றைக்குக் கோயிலுக்குள் விடப்படாத மக்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தார்கள். சாமி எப்படி இருக்கும் என்று வாசலுக்கு வெளியிலிருந்துகூடப் பார்க்க முடியாதவர்கள். அவர்கள் வீட்டுச் சுவருக்கு அச்சுப் படமாகச் சாமி வந்தது சின்ன விஷயம் இல்லை. ரவிவர்மாவின் பேத்திகள் இருவர் 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனார்கள். அதில் ஒருவரான சேது பார்வதி பாயியின் மகன்தான் சித்திரைத் திருநாள். 1936-ல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்துவிட்ட மன்னர். ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன்!

ஓசூரைத் தாண்டினால் கிடைக்கும் தடயம்

1905 தொடக்கத்தில் தம்பி இறந்தது ரவிவர்மாவை உடைத்துப் போட்டது. மைசூர் அரண்மனைக்கான புராண ஓவியங்கள்தான் அவர் கடைசியாக எடுத்துச் செய்த பெரிய வேலை. 1906 அக்டோபர் 2-ல் கிளிமானூரில் காலமானார், வயது 58.

நம்ம பக்கத்திலிருந்து அசல் ரவிவர்மாவைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 'இசைக் கலைஞர் கூட்டம்' உட்படப் பல ஓவியங்கள் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உண்டு. தத்துப் போன இன்னொரு பேத்தி சேது லட்சுமி பாயி 1950-களின் கடைசியில் பெங்களூரில் குடியேறினார். அந்த வம்சாவளியினர் பங்கேற்புடன் ரவிவர்மா பேரில் ஒரு பாரம்பரிய அறக்கட்டளை பெங்களூரில் இயங்குகிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

வெளிநாட்டுக்கு விற்க முடியுமா?

முடியாது. தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-ன்படி ரவிவர்மாவின் படைப்புகள் 1979-ல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். வெளியே தனியார் யாரும் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவற்றுக்கு இது பொருந்தாது. அதனால்தான் 'தமயந்தி' 2017-ல் நியூயார்க்கில் 16.9 லட்சம் டாலருக்கு விற்க முடிந்தது. இந்தியாவில் இருந்த 'நிலவொளியில் ராதா' 2016-ல் மும்பையில் 20 கோடிக்கு மேல் போனது.

உங்கள் தாத்தா வீட்டுப் படம் அசலா?

பெரும்பாலும் அச்சாகத்தான் இருக்கும். முதலில் படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ரவிவர்மா அச்சகத்தின் பேர், ஊர்ப் பேர் பொடியாக ஆங்கிலத்தில் இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தூரிகை இழுத்த மேடு பள்ளம் இருக்காது. சேலை ஓரத்தில் ஜரிகையும் ஜிகினாவும் தைத்திருந்தாலும் அது அச்சுதான். அப்படி அலங்கரித்து மாட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அச்சின் மேலேயே வண்ணம் பூசி அசல் என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு, ஜாக்கிரதை.

அதுக்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய மலவ்லி அச்சுப் படங்களுக்கே சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி இருக்கிறது. ஈரச் சுவரில் மாட்ட வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம். சட்டத்தைப் பிரித்தால் பின்பக்க அட்டையில் கடைச் சீட்டு, தேதி, கையெழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.