ஆர்பத்நாட்டை நீதிமன்றத்தில் நிறுத்தியவர்

உறுப்பினர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சேவை தராத நிறுவனங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் நினைவுக்கு வருகிறார்.

1863-இல் தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, உயர் நீதிமன்றத்தின் முன்னணி வழக்கறிஞரானவர் அவர். மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். அரசியலில் மிதவாதி, ஆயினும் தீவிர தேசியவாதியான பாரதியின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

1906 அக்டோபர் 22 அன்று, சென்னையின் பெரும் ஆங்கிலேய நிறுவனமான ஆர்பத்நாட் நொடித்தது. அந்தப் பெயரையே பிணையாக நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் நிலைகுலைந்தனர். கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். வணிகம் என்றால் நட்டமும் உண்டு என்று சொல்லி நிறுவனம் நழுவ முடியவில்லை. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஐயர் அத்துடன் ஓயவில்லை. நகரப் பிரமுகர்களைத் திரட்டிப் பங்கு சேர்த்தார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. 1909-இல் நீதிபதியாகவும், 1911-இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் ஆன அவர், அவ்வாண்டு டிசம்பரில் 48 வயதில் மறைந்தார்.

வங்கி வைப்பும் உறுப்பினர் கட்டணமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் பணம் முதலில் போகிறது. பலன் பிறகுதான் வரவேண்டும். இடைப்பட்ட காலம் முழுவதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய எங்கள் அனுமந்தையில், மழைக்காலத்தில் உப்பு விளையாது. கோடைக் கூலியில் மிச்சம் பிடித்து மாதத் தவணை கட்டுபவர், ஏமாந்தால் சில நூறு ரூபாய்க்காக விழுப்புரம் வரை அலைவானேன் என்று விட்டுவிடுகிறார். வாக்குத் தவறும் நிறுவனங்கள் பிழைப்பது இந்த அலுப்பினால்தான்.

ஐயரின் காலத்தில் நுகர்வோருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. இன்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாக்களித்த சேவையைத் தராதது அதன்படி சேவைக் குறைபாடு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். ஒரே குறை உடைய பலர் சார்பில், ஆணையத்தின் அனுமதியுடன், ஒருவரே வழக்காடலாம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

ஆர்பத்நாட்டில் பணமிழந்தவர்கள் தனித்தனியே புலம்பியிருந்தால், அந்தப் பெரிய பெயர் தப்பியிருக்கும். ஒன்றுகூடிக் கணக்குக் கேட்க முன்வரும் உறுப்பினர்களும், அவர்களுக்காக ஒரு மனுவை எழுதித் தரக்கூடிய படித்த ஒருவரும்தான் இன்று ஒவ்வோர் ஊருக்கும் தேவை.