இரண்டாம் முறை வரும் ஆபத்து

வயிற்றுவலி என்றால் அஜீரணம், வாந்தி என்றால் பித்தம் என்று நாமே முடிவுகட்டி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது இங்கு இயல்பாகிவிட்டது. ஒவ்வாமையைத் தோல் தடிப்பாகவும் அரிப்பாகவும் மட்டுமே பலர் அறிவர். அது குடலையும் தாக்கக்கூடியது என்பதை எண்ணும்போதெல்லாம் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் ஷார்ல் ரிஷேயின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது.

1850-இல் பாரிஸில் அறுவை மருத்துவரின் மகனாகப் பிறந்த ரிஷேயை முதலில் ஈர்த்தது இரைப்பைதான். அரிக்கும் காரப் பொருளை விழுங்கியதால் உணவுக்குழாய் அடைபட்ட இளைஞர் ஒருவருக்கு, வயிற்றில் துளையிட்டு உணவளித்து வந்தனர். அத்துளை வழியே உமிழ்நீர் கலவாத இரைப்பை நீரைச் சேகரித்து, அதன் அமிலத்தன்மையை ஆராய்ந்து 1878-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1887-இல் பாரிஸ் மருத்துவப் புலத்தில் பேராசிரியரானார்.

திருப்புமுனை 1901-இல் வந்தது. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சென்ற ரிஷேயும் போர்ட்டியேவும், ஜெல்லிமீனை ஒத்த கடலுயிர் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்தனர். நாடு திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியை எளிதாகத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து அதே அளவு மீண்டும் செலுத்தப்பட்டபோது மூச்சுத் திணறியது, வயிற்றுப்போக்கு கண்டது, இரத்த வாந்தி எடுத்தது, 25 நிமிடங்களில் மாண்டது.

ஒருமுறை நஞ்சைச் சந்தித்த உடல் அடுத்தமுறை வலுப்பெற்றிருக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. அதனைத் தற்செயல் என்று ரிஷே ஒதுக்கவில்லை. சோதனையை மீண்டும் மீண்டும் செய்தார். பாதுகாப்புக்கு எதிரானது என்னும் பொருளில் 1902-இல் அந்நிகழ்வுக்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார். உணவாக உட்கொள்ளும் பொருளும் இவ்விளைவைத் தருமா என்றும் பின்னர் ஆராய்ந்தார். 1913-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அவர் குறையற்றவர் அல்லர். ஆவியுலக ஆய்வில் ஊன்றிய நம்பிக்கையும், மனித இனங்களைத் தரம்பிரித்த கருத்துகளும் அவர் புகழில் படிந்த கறைகள். 1935-இல் அவர் மறைந்தார், கண்டுபிடிப்பு நிலைத்தது.

நெப்டியூனின் குடலில் நிகழ்ந்ததை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. பால், முட்டை, நிலக்கடலை, இறால் போன்ற உணவிலுள்ள புரதத்தைச் சிலரது நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதுகிறது. மறுமுறை அப்புரதம் வரும்போது, குடற்சுவரிலுள்ள காப்பணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. குடல் தசை இறுகுகிறது, நீர் கசிகிறது, வலியும் வாந்தியும் பேதியும் தொடர்கின்றன. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வரும் வயிற்று உப்புசம் இதனின்று வேறானது. அதற்கு நோயெதிர்ப்பு மண்டலம் காரணமன்று.

ஆகவே, ரிஷே கற்பித்த பொறுமை நமக்கும் வேண்டும். எதை உண்டோம், எவ்வளவு நேரத்தில் தொல்லை வந்தது, மறுமுறையும் வந்ததா என்று குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவதே முறை. வெறும் ஐயத்தால் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நாமே நிறுத்துவது ஊட்டக்குறைவில் முடியலாம். வாந்தியோடு மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சென்றமுறை ஒன்றும் ஆகவில்லையே என்ற ஆறுதலை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதே ரிஷேயின் ஆய்வு நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை.