ஒரு நாள் விருந்தும் மறுநாள் பசியும்



2003ஆம் ஆண்டு மே மாதத்திலும், மீண்டும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. அத்தகைய வேளைகளில் சாப்பாட்டுப் பார்சல்களும் உடுதுணிகளும் வந்து குவிவதை நீங்கள் அறிவீர்கள். சில நாட்கள் கழிந்ததும் வாகனங்களின் வரவு குறையும், பசி குறையாது. கொடுக்கும் மனம் நம்மிடம் உண்டு. அந்த மனத்திற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இதனை நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து வழி வகுத்தவர் புனித வின்சென்ட் டி போல்.

அவர் 1581ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே பூய் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே புனிதராக இருந்தார் என எண்ணிவிடாதீர்கள். பள்ளியில் பயின்ற நாட்களில், எளிய உடையணிந்து கால் தாங்கி நடந்துவந்த தம் தந்தையோடு பேச அவர் வெட்கப்பட்டார். முதிர்ந்த வயதிலும் அதனை நினைந்து வருந்தினார். 1600ஆம் ஆண்டு குருவானபோதும், நல்ல வருவாயுள்ள பதவி ஒன்றே அவரது கனவாயிருந்தது.

அந்த இளங்குருவை ஏழைகளே மாற்றினார்கள். 1617ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில், ஷத்தியோன் என்ற ஊரின் பங்குக் குருவாகத் திருப்பலிக்கு அவர் ஆயத்தமானபோது ஒரு செய்தி வந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடொன்றில் குடும்பத்தினர் அனைவரும் நோயுற்றுக் கிடந்தனர். பணிவிடை செய்ய ஒருவருமில்லை. மறையுரையில் அவர் உருக்கமாக வேண்டினார். மாலையில் அவ்வீட்டை நோக்கி நடந்தபோது வழிநெடுகப் பெண்களைக் கண்டார். சிலர் உணவோடு சென்றுகொண்டிருந்தனர். சிலர் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தனர். வெயில் தாளாமல் சிலர் வழியோரம் அமர்ந்திருந்தனர்.

வேறொருவராயின் மனம் நிறைந்து வீடு திரும்பியிருப்பார். வின்சென்டோ மறுநாளை எண்ணினார். இன்று உண்டது போக எஞ்சியது கெட்டுப்போகும்; சில நாட்களில் அவ்வீட்டார் மீண்டும் பட்டினி கிடப்பர். எனவே அதே வாரத்தில் பெண்கள் சிலரைக் கூட்டினார். ஆளுக்கொரு நாளாக முறைவைத்து, நோயுற்ற ஏழைகளைக் கவனிக்க அவர்கள் உடன்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் பிறரன்புச் சபை முறைப்படி நிறுவப்பட்டது.

அதற்கு அவர் எழுதிய ஒழுங்குவிதிகளைப் பாருங்கள். நோயாளியை முகமலர்ச்சியோடு வாழ்த்த வேண்டும்; உணவை முறையாகப் பரிமாற வேண்டும்; தேவையாயின் வெண்ணிற இரவு உடையும் அளிக்க வேண்டும். துணைக்கு ஆள் உள்ளவரை முதலில் சந்தித்து, தனித்திருப்பவரைக் கடைசியாகச் சந்திக்க வேண்டும். ஏன் தெரியுமா? தனித்திருப்பவரோடு நெடுநேரம் தங்குவதற்காக! உணவு வயிற்றுக்கு, உடனிருப்பு உள்ளத்திற்கு. தந்தையின் உடைக்காக நாணியவர், ஏழையின் மாண்பைக் காக்கும் விதிகளை எழுதினார்.

இச்சபை ஊர்தோறும் பரவியது. 1633ஆம் ஆண்டு புனித லூயிஸ் தெ மரியாக்குடன் இணைந்து அவர் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார். 1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள் பாரிசில் இறந்தார். 1737ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார். 1833ஆம் ஆண்டு பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர், தம் தோழர்களுடன் பாரிசில் ஏழைகளின் இல்லங்களைச் சந்திக்கும் பணியைத் தொடங்கினார்; பின்னர் அதற்கு இப்புனிதரே பாதுகாவலராகக் கொள்ளப்பட்டார். நம் பங்குகளில் நாம் காணும் வின்சென்ட் டி போல் சபை அவ்வாறு பிறந்ததே.

அன்பர்களே, எம்பிலிப்பிட்டிய நகரிலும், இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வெள்ளம் வராத நாட்களிலும் வறுமை உண்டு. மழையால் வேலைநாள் குறைந்த குடும்பமும், லயத்து அறையில் தனித்திருக்கும் முதியவரும் எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை. நாம் அணியத் தயங்கும் கிழிந்த துணியை அவர்களுக்கு அனுப்பலாமா? திருநாளில் மட்டும் நினைத்து, மற்ற நாட்களில் மறக்கலாமா?

இவ்வாரம் உங்கள் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். அயலிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் யாருக்கு எந்த நாள் என முறை வகுத்துக்கொள்ளுங்கள். சிறிதளவே கொடுத்தாலும் தவறாமல் கொடுங்கள். கொடுத்ததும் திரும்பிவிடாமல், சற்று அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள். துணையற்றவரின் வீடு உங்கள் வழியில் கடைசி வீடாக இருக்கட்டும்.